'பைய' என்ற சொல்லை யாரும் அனுப்பவில்லை

நெல்லைப் பக்கத்துப் பேச்சுச் சொற்களைத் தொகுத்து வைக்கலாம் என்று போன வருடம் பதினாலு பேர் சேர்ந்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இரண்டு பேர், பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் தம்பி, கல்லூரி மாணவிகள் நான்கு பேர், பிழைக்க வெளியூர் போய்விட்ட என்னைப்போல் சிலர். விதி என்று எதுவும் கிடையாது. வாட்ஸாப் குழுவைத் தொடங்கியவன் நான்தான். முதல் நாள் நான் போட்டது ஒரே வரி: "யாரும் கேள்விப்பட்டிராத, அபூர்வமான நம்மூர்ச் சொல் எதுவா இருந்தாலும் அனுப்புங்க."

மூன்று மாதத்தில் நானூறு சொல் சேர்ந்தது. உட்கார்ந்து அடுக்கிப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. வீட்டின் முன்கட்டைக் குறிக்கும் 'தார்சா' ஒன்பது தடவை வந்திருந்தது. கூடத்தைக் குறிக்கும் 'பட்டாசல்' ஏழு தடவை. ஒரே வாசலுக்குள் பல வீடுகள் இருக்கும் 'வளவு' ஆறு. பிடரியைக் குறிக்கும் 'பொடதி' ஐந்து. ஆனால் மெதுவாக என்பதற்கு நாங்கள் சொல்லும் 'பைய' ஒரு தடவைகூட வரவில்லை. பைய நட, பைய பேசு, பையச் சாப்பிடு என்று பதினாலு பேரும் நாள் முழுக்கச் சொல்லும் சொல் அது. அபூர்வம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதனால் யாரும் அனுப்பவில்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை. நான் கேட்டது அபூர்வம், கொடுத்ததும் அபூர்வம்.

இனி எப்படிப் போவது என்று பேசியதில் மூன்று யோசனைகள் வந்தன. ஒன்று, இப்போது இருப்பதுபோலவே விடுவது: யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். இரண்டு, தமிழாசிரியர்களில் மூத்தவரைப் பொறுப்பாசிரியராக்கி (நாங்கள் 'பெரிய சார்' என்போம்), அவர் பார்த்துச் சரி சொல்லாமல் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது. மூன்றாவது வங்கித் தம்பி கொண்டுவந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவர் பொறுப்பு, ஒருவர் சரிபார்ப்பு, இன்னொருவர் மறுசரிபார்ப்பு, அப்புறம் மொழிநடை, அப்புறம் இறுதி ஒப்புதல். கடன் விண்ணப்பம் போகும் வழி அது.

மூன்றாவதை முதலிலேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதை ஏற்கெனவே பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஜிம்மி வேல்ஸ் நியூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார். லாரி சேங்கர் தலைமை ஆசிரியர். துறை வல்லுநர்கள்தான் எழுத வேண்டும். கட்டுரை ஏழு படி தாண்டி வர வேண்டும். 2003இல் மூடும்போது எல்லாப் படியும் தாண்டித் தேறியிருந்தவை சுமார் இரண்டு டஜன் கட்டுரைகள். நடுவில், நியூபீடியாவுக்குக் கட்டுரை ஊற வைக்கும் இடமாக இருக்கட்டும் என்று அதே ஆட்கள் 2001 ஜனவரி 15 அன்று திறந்துவிட்டதுதான் விக்கிப்பீடியா. யாரும் எழுதலாம். முதல் ஆண்டு முடிவில் சுமார் 20,000 கட்டுரைகள். நியூபீடியாவுக்கு எழுத முன்வந்தவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. ஆனால் சம்பளம் இல்லாத வேலையில் ஒருவர் எழுதியது நாலு மேசையில் நாலு மாதம் கிடந்தால், அவர் இரண்டாவது கட்டுரை எழுத மாட்டார். எங்கள் மாணவிகளுக்கு செமஸ்டர் பரீட்சை வந்தால் நாலு வாரம் வாட்ஸாப்பே பார்ப்பதில்லை. தம்பியின் ஐந்து படி எங்களுக்கு ஆகாது.

அப்படியென்றால் விக்கிப்பீடியா போலத் திறந்துவிடுவதுதானே என்று கேட்கலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். தமிழ் விக்கிப்பீடியாவே நல்ல சான்று. 2003இல் தொடங்கியது, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. ஆனால் விக்கிப்பீடியாவில் சுதந்திரம் மட்டும் இருப்பதாக நினைப்பவர்கள் அங்கே ஒரு வரிகூட எழுதிப் பார்க்காதவர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் வரலாறு என்று ஒரு பக்கம் இருக்கிறது. யார், எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்த எழுத்தை மாற்றினார் என்பது அத்தனையும் அதில் கிடக்கும். தப்பாக மாற்றினால் ஒரு சொடுக்கில் பழையதைக் கொண்டுவரலாம். அந்த மீட்பு வசதி இருப்பதால்தான் கதவைத் திறந்து வைக்க முடிகிறது. அப்படியும் அடி வாங்கியிருக்கிறார்கள். 2005இல் ஜான் சீகென்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி, கென்னடி கொலைகளில் அவருக்குப் பங்கிருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது என்று யாரோ எழுதிவைத்த பொய், நாலு மாதம் அப்படியே இருந்தது. அதன்பிறகு ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்று ஆக்கினார்கள். இருக்கிற கட்டுரையைத் திருத்த இன்றும் பெரும்பாலும் யாருக்கும் தடை இல்லை. கதவை மூடவில்லை, எந்தக் கதவில் அடி விழுந்ததோ அதில் மட்டும் தாழ்ப்பாள்.

எங்களிடம் அந்த மீட்பு வசதி இல்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும்.

மாணவி ஒருத்தி தன் ஆச்சி சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதி அனுப்பியிருந்தாள், வாரியல் பற்றியது. வாரியல் என்றால் துடைப்பம். யாரும் திருத்தலாம் என்பது ஏற்பாடு, அதனால் பெரிய சார் திருத்தினார். நாற்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை, சும்மா இருக்குமா? நான் பட்டியலைத் திறந்தபோது இருந்தது இது: "துடைப்பத்தைச் செங்குத்தாக நிறுத்தாதே, வீட்டிற்கு ஆகாது." எக்செல் கோப்பு அவர் கணினியில் இருந்தது, பழையதன் மேலேயே சேமித்துவிட்டார். வாட்ஸாப்பில் தேடினால், மாணவி கைப்பேசி மாற்றியிருந்தாள். எனக்கோ இடம் போதாமல் அந்த மாதத்தை அழித்திருந்தேன். 'செங்குத்தாக' என்ற இடத்தில் ஆச்சி என்ன சொல்லியிருப்பார்? 'நட்டமா' என்று இருக்கலாம். 'நிறுத்தாதே' என்பது 'நிப்பாட்டாத' என்று இருந்திருக்கும். இருக்கலாம், இருந்திருக்கும் என்பதெல்லாம் அகராதிக்கு உதவாது. ஆச்சியிடமே போய்க் கேட்டதற்கு, "நான் எங்க சொன்னேன்? வாரியல படுக்கப் போடுன்னுல்லா சொல்லுவேன்" என்றாராம். நெல்லைச் சொல் தொகுக்கப் போய், இருந்த வாக்கியத்திலிருந்து நெல்லையைத் துடைத்து எடுத்திருந்தோம்.

இதைப் படிக்கும்போது பெரிய சார்மேல் கோபம் வந்தால், அது வேண்டாம். அவரைப் போன்ற ஒருவர் கையில் முழுப் பொறுப்பும் இருந்து நல்லபடியாக முடிந்த வேலைகள் தமிழில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1913இல் சாண்ட்லர் ஆசிரியராக இருந்து தொடங்கியது. 1926இல் ச. வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றார். 1936இல் ஆறு தொகுதிகளாக முடிந்தது, 1939இல் ஓர் இணைப்புத் தொகுதி. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஒரே ஒழுங்கு. அதேபோல, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்த தமிழ்க் கலைக்களஞ்சியம்: 1954இல் முதல் தொகுதி, 1968இல் பத்தாவது. பல கைகள் எழுதியது ஒரே கையில் வந்து சேர்ந்ததால்தான் அது பத்துத் தொகுதியாக நிற்கிறது.

ஆனால் அங்கே அலுவலகம் இருந்தது, சம்பளம் வாங்கும் ஆட்கள் இருந்தார்கள், காத்திருக்க வருடங்கள் இருந்தன. எங்களிடம் இருப்பது கண்புரை அறுவை முடிந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையைப் பார்க்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும் ஒரு சார். இன்னொன்றும் உண்டு. லெக்சிகனில் எங்கள் ஊர்ப் பேச்சுச் சொல் வந்தால் பக்கத்தில் திருநெல்வேலி வழக்கு என்று ஒரு சுருக்கக் குறி போட்டிருக்கும். இலக்கியச் சொல்லுக்குப் பாட்டும் எண்ணும் காட்டும் அதே பக்கத்தில், பேச்சுச் சொல்லுக்கு யார் சொன்னது, எந்தப் பேச்சில் வந்தது என்பது பெரும்பாலும் இருக்காது. அந்த மேசைக்கு அது தேவைப்படவில்லை. எங்களுக்கு அதுதான் வேண்டும். பொறுப்பாசிரியர் என்ற பெயர் விழுந்ததும் மற்றவர்கள் கை தளர்வதையும் பார்த்தேன். யோசனை வந்த வாரமே "சார் பாத்துக்கிடுவாங்கல்லா" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று யோசித்தபோது எனக்கு அதிகம் உதவியது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பழைய கதை. எங்கள் கதையை நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாலேயே அவர்கள் அனுபவித்து முடித்திருந்தார்கள்.

1857இல் லண்டனில் மொழியியல் சங்கம் ஒன்று எடுத்த வேலை. பழைய நூல்களைப் படித்து, சொல் வரும் வாக்கியங்களைச் சீட்டில் எழுதி அனுப்பும்படி பொதுமக்களைக் கேட்டார்கள். 1861இல் பொறுப்புக்கு வந்த ஃப்ரெடரிக் ஃபர்னிவால் உற்சாகி, ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர். ஒவ்வோர் எழுத்தையும் ஒவ்வொரு துணை ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் பாடு என்று விட்டுவிட்டார். 1879இல் ஜேம்ஸ் மர்ரே ஆசிரியராக வந்தபோது வீட்டுக்கு வந்து இறங்கிய சீட்டுகள் ஏறத்தாழ இரண்டு டன். ஒரு சாக்கில் செத்த எலி. இன்னொன்றில் குட்டிகளோடு சுண்டெலி. 'எச்' எழுத்தின் சீட்டுகள் இத்தாலியில் ஃபுளோரன்ஸில் இருந்தன. 'பி-ஏ' என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கிடைத்தன, அதில் நிறைய ஏற்கெனவே அடுப்புப் பற்றவைக்கப் போயிருந்தது. ஃபர்னிவாலின் ஆட்களுக்கு ஆர்வத்தில் குறைவில்லை. எந்தச் சீட்டு யாரிடம் இருக்கிறது என்பது மட்டும்தான் யாருக்கும் தெரியவில்லை.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு விஷயம். வந்து சேர்ந்த சீட்டுகளைப் பிரித்தபோது, வழக்கொழிந்த 'அப்யூஷன்' என்ற சொல்லுக்கு ஐம்பது மேற்கோள் இருந்தது. எல்லோரும் சொல்லும் 'அப்யூஸ்' என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. அபூர்வத்தையே தேடிப் படித்திருந்தார்கள். தார்சா ஒன்பது, பைய பூஜ்யம்.

மர்ரே செய்ததைக் கவனித்துப் பார்த்தால், சிலவற்றை இறுக்கினார், சிலவற்றைத் தொடவே இல்லை. 1879இல் அவர் அச்சடித்து அனுப்பிய வேண்டுகோளில் காகித அளவு உண்டு; சொல்லை இடது மேல் மூலையில் எழுதச் சொன்னார்; ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், அப்புறம் மேற்கோள். சாதாரணச் சொல்லையும் விட்டுவிடாதீர்கள் என்று சேர்த்துச் சொன்னார். எந்தெந்தச் சொல்லுக்கு மேற்கோள் போதவில்லை என்று அவ்வப்போது பட்டியல் அச்சிட்டு அனுப்பினார். எப்படிப் படிப்பது, எப்போது எழுதுவது, எவ்வளவு அனுப்புவது என்பது படிப்பவர் பாடு. பொருள் எழுதுவதை மட்டும் தன் தோட்டத்து இரும்புக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டார். 1884இல் முதல் பகுதி வந்தது, 1928இல் அகராதி முடிந்தது. அதைப் பார்க்க மர்ரே இல்லை.

அந்த வாசகர்களில் ஒருவர் டாக்டர் மைனர். ஒரு கொலைக்குப் பிறகு பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த அமெரிக்க ராணுவ மருத்துவர். மற்றவர்கள் கண்ணில் பட்டதை அனுப்ப, அவர் ஒவ்வொரு நூலுக்கும் தானே ஒரு சொல்லடைவு தயார் செய்துவைத்துக்கொண்டு, இப்போது எந்தச் சொல்லில் வேலை நடக்கிறது என்று கேட்டு, அந்தச் சொல்லுக்கு வேண்டியதை மட்டும் அனுப்பினார். இந்த முறையை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் 'இப்போது எது வேண்டும்' என்ற கேள்விக்கு அங்கிருந்து பதில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பதில் வராத குழுவில் எவ்வளவு கெட்டிக்காரர் இருந்தாலும் தார்சாவைத்தான் அனுப்புவார், நானே அனுப்பினேன்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் ஒன்றுதான். எது கெட்டால் திரும்பச் சரிசெய்யலாமோ அங்கே விட்டுவிடலாம். எது போனால் வராதோ அங்கே விதி வேண்டும், அதை யாரும் தாண்டக்கூடாது, பொறுப்பாசிரியரும்கூட. ஒரு சொல்லுக்குப் பொருள் தப்பாக எழுதினால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம். அகர வரிசை தப்பினால் கணினி இரண்டு நொடியில் அடுக்கிவிடும். ஆச்சி சொன்ன வாக்கியம் போனால் போனதுதான்.

ஆகவே கூட்டத்தில் நான் வைத்தது இந்த ஏற்பாடு. சீட்டுக்கு ஐந்து கட்டம்: சொல், காதில் விழுந்தபடியே முழு வாக்கியம், சொன்னவரின் ஊரும் வயதும் (பெயர் வேண்டாம்), கேட்ட நாள், எழுதியவர். ஐந்தும் இல்லாத சீட்டு உள்ளே வராது. வாக்கியக் கட்டத்தை எழுதியவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. எந்தச் சொல், எங்கே போய்க் கேட்பது, சந்தையா சாவு வீடா என்பதெல்லாம் அவரவர் விருப்பம். பொருளை யாரும் எழுதலாம், யாரும் அடித்துத் திருத்தலாம். கடைசி வடிவம் பெரிய சாரும் இன்னும் இரண்டு பேரும் தருவது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை, இன்னும் வராத பத்துச் சாதாரணச் சொற்களின் பட்டியலை நான் போடுவேன். கோப்பு, பழைய வடிவங்களைத் தானே சேமித்துவைக்கும் கூகுள் தாளுக்கு மாறும்.

முதல் எதிர்ப்பு அண்ணாச்சியிடமிருந்து வந்தது. "ஏம்பா, கடையில தராசு பிடிச்சிக்கிட்டு நிக்கவன் அஞ்சு கட்டம் நிரப்புவானா?" நியாயமான கேள்வி, அதுவும் கேட்டது அவர். எங்களிடம் இருப்பதிலேயே உயிரான வாக்கியங்கள் அவர் கடை வாசலில் கேட்டவைதான். விதி அவரைத் துரத்திவிட்டால் அந்த விதியால் என்ன லாபம்? கடைசியில் அவர் குரல் பதிவு அனுப்புவது, மாணவிகள் அதைக் கேட்டுச் சீட்டு எழுதுவது என்று முடிந்தது. இது மாணவிகளுக்குக் கூடுதல் வேலை என்பதை நான் மறைக்கவில்லை. ஆறு மாதத்தில் அவர்கள் சலித்துப்போனால் வேறு வழி பார்க்க வேண்டும்.

வசைச் சொற்களைச் சேர்ப்பதா என்ற பேச்சு இரண்டு மணி நேரம் ஓடியது. முடிவு இல்லை. சீட்டு எழுதி வைப்போம், அச்சில் போடுவதை அப்புறம் பார்ப்போம் என்று தள்ளியிருக்கிறோம். திரும்பச் சரிசெய்யக்கூடிய வகையில்தான் இதுவும் சேரும் என்பது என் கணக்கு. பெரிய சார் கணக்கு வேறு.

வங்கித் தம்பிக்கு வருத்தம்தான். அவனுடைய மறுசரிபார்ப்பு யோசனையில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம்: ஒரு சொல் அகராதிக்குள் போக, வேறு வேறு ஊரில் வேறு வேறு ஆள் கேட்ட இரண்டு சீட்டாவது இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் மட்டும் புழங்கும் செல்லச் சொற்கள் இதில் வடிந்துவிடும்.

புது ஏற்பாட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலின் முதல் சொல் எது என்று சொல்ல வேண்டியதில்லை. புதன்கிழமையே சீட்டு வந்துவிட்டது. பேருந்தில் கல்லூரிக்குப் போன மாணவி கேட்டு எழுதியது, சொன்னவர் நடத்துநர், நாற்பது வயதிருக்கும் என்று போட்டிருந்தாள்: "பைய எறங்குங்க ஆச்சி, வண்டி எங்கயும் போயிராது."

அன்று இரவு பெரிய சார் கூப்பிட்டார். தாளைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"தம்பி, 'எறங்குங்க'ன்னே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும் சார்."